தெரிந்த ஓட்டைகள்: கணினியையும் வலையமைப்பையும் காக்கும் அன்றாட வேலை

கணினிகளுக்கு அன்றாடம் நேரும் தீங்குகளில் பெரும்பகுதி முன்பே தெரிந்திருந்த ஓட்டைகள் வழியாகவே நுழைகிறது. அவற்றை அடைக்கும் வழியும் பெரும்பாலும் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். கணினிப் பாதுகாப்பு என்றதும், யாருக்கும் புரியாத வித்தையில் கைதேர்ந்த ஓர் எதிரியை மனம் கற்பனை செய்துகொள்கிறது. அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டையோ, ஒரு பள்ளி அலுவலகத்தின் கோப்புகளையோ, ஒரு குடும்பத்தின் புகைப்படங்களையோ பறித்தவர்களின் செயல்முறையைப் பிரித்துப் பார்த்தால், அதில் வியப்பதற்கு அதிகம் இருப்பதில்லை. 2017இல் நடந்த வானாக்ரை தாக்குதல் இதற்கு மிகத் தெளிவான சான்று.

அந்த ஆண்டு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்துக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. வலையமைப்பிலுள்ள கணினிகள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் பழைய வடிவில் இருந்த பிழையை அது சரிசெய்தது. ஏப்ரல் 14 அன்று, ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழு, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து கசிந்த ஊடுருவல் கருவிகளை இணையத்தில் வெளியிட்டது. அவற்றுள் எடர்னல்புளூ என்ற கருவி, அதே பிழையைப் பயன்படுத்தி, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் தொலைவிலிருந்தே ஒரு கணினிக்குள் நுழையக்கூடியது. மே 12 அன்று அந்தக் கருவியைச் சுமந்த புழு ஒன்று புறப்பட்டது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியில் புகுந்ததும் அதுவே அடுத்ததைத் தேடிப் போனது. கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. மூன்று நாளில் தராவிட்டால் 600 டாலர். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதில் சிக்கின.

திருத்தம் வெளியானதற்கும் புழு புறப்பட்டதற்கும் இடையே 59 நாட்கள் இருந்தன.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை பட்ட பாட்டை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் விரிவாக வெளியிட்டது. 236 மருத்துவமனை அமைப்புகளில் 80 பாதிக்கப்பட்டன. அவற்றுள் 34 அமைப்புகளின் கருவிகள் நேரடியாகப் பூட்டப்பட்டன. மற்றவை தொற்றுக்கு அஞ்சி மின்னஞ்சலையும் இணைப்புகளையும் தாமே துண்டித்துக்கொண்டதால் முடங்கின. 595 குடும்ப மருத்துவ நிலையங்களும் பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குத் தரப்பட்டிருந்த ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்பது மதிப்பீடு. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். இத்தனைக்கும், திருத்தத்தை உடனே நிறுவுமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் போயிருந்தன. தொற்றிய ஒவ்வொரு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ், அல்லது ஆதரவு முடிந்துபோன விண்டோஸ். இணையத்தை நோக்கிய தீயரண்களைச் சரியாக அமைத்திருந்தால், திருத்தம் இல்லாமலும் தப்பியிருக்கலாம் என்றும் அந்த அறிக்கை கூறியது.

புழுவை நிறுத்தியவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர். புழு ஒவ்வொரு முறையும் பொருளற்ற நீண்ட இணைய முகவரி ஒன்றைத் தேடுவதையும், அப்படியொரு முகவரி பதிவாகவில்லை என்பதையும் அவர் கண்டார். பத்து டாலருக்குச் சற்று மேல் செலவிட்டு அந்த முகவரியைத் தம் பெயரில் பதிவுசெய்தார். முகவரி பதிலளித்ததும் புழு செயலை நிறுத்திக்கொண்டது. உலகம் அன்று தப்பியதில் நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. எந்த அலுவலகமும் அதை நம்பி இருக்க முடியாது.

திருத்தம் முதலில், தாக்குதல் பிறகு என்ற வரிசை 2017இல் புதிதாகத் தோன்றியதன்று. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு, பத்தே நிமிடத்தில், தான் தொற்றக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதை எட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது. 2008 அக்டோபரில் திருத்தம் வந்த பிழையை நவம்பரில் கான்ஃபிக்கர் புழு பயன்படுத்தியது. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. திருத்தம் வெளியாகும் நாளில், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு மாற்றப்பட்ட இடமே வழிகாட்டி. ஆகவே திருத்தத்தை நிறுவாத கணினி, அது வெளியாவதற்கு முந்தைய நாளைவிட மறுநாள் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

அப்படியிருந்தும் திருத்தங்கள் ஏன் தள்ளிப்போடப்படுகின்றன என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். சோம்பல் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. மருத்துவமனையில் ஸ்கேன் கருவியோடு வரும் கணினியைக் கருவி தயாரித்தவரின் ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது. கணக்கு மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்று கடைக்காரர் அஞ்சுகிறார். மாதக் கடைசியில் மறுதொடக்கம் செய்ய அலுவலகத்தில் யாரும் ஒப்புவதில்லை. நம் ஊர்களில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: டி.டி.பி. கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் உரிமம் பெறாத ‘கிராக்’ பதிப்புகள் ஓடுகின்றன. அவற்றை நிறுவித் தருபவர் முதல் வேலையாகத் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுகிறார். அந்தக் ‘கிராக்’ கோப்பிலேயே தீநிரல் ஒளிந்து வருவதும் வழக்கம். காசு மிச்சம் என்று நினைத்த இடத்தில் மொத்தக் கோப்புகளும் போன கதைகள் ஏராளம்.

செய்ய வேண்டியது எளியது. இயங்குதளம், உலாவி, அலுவலக மென்பொருள், கைபேசி ஆகியவற்றில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைக்க வேண்டும். எந்தப் பதிப்புக்கு எந்த நாளோடு ஆதரவு முடிகிறது என்பதை அலுவலகம் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்று அந்த நாட்கள் நெடுங்காலம் முன்பே அறிவிக்கப்பட்டவை. மாற்றவே முடியாத பழைய கருவி இருந்தால், அதை இணையத்திலிருந்தும் பிற கணினிகளிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும்.

கணினியைப் புதுப்பிப்பவர்கூட மறந்துவிடும் பொருள், வீட்டு மூலையில் விளக்குகள் மினுங்க நிற்கும் ரவுட்டர். அதுவும் ஒரு கணினிதான். கண்காணிப்புக் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் அப்படியே. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இவற்றைத்தான் குறிவைத்தது. அது எந்தப் புதிய ஓட்டையையும் தேடவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேல் அதன் பட்டியலில் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப்பட்ட கருவிகளின் படை டைன் என்ற முகவரிச் சேவை நிறுவனத்தின் மீது ஏவப்பட, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல மணி நேரம் எட்டாமல் போயின. கேமராவின் உரிமையாளருக்குத் தன் கருவி தாக்குதலில் பங்கேற்றதே தெரியாது. மறுதொடக்கம் செய்தால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

எனவே ரவுட்டரை மாட்டியவுடன் அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்குப் பின் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருக்கட்டும், 2001லேயே உடைக்கப்பட்ட டபிள்யூ.இ.பி. முறையில் ஓடும் பழைய பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும், வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைத்து வைப்பது நல்லது.

ஓலைக் கூரைகள் நெருங்கி நின்ற தெருவில் ஒரு வீடு பற்றினால் தெருவே எரியும். கணினிகள் எல்லாம் ஒரே வலையமைப்பில் தடையின்றிப் பேசிக்கொள்ளும் நிறுவனத்தின் நிலையும் அதுதான். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் முடங்கின. ஐந்து சேவையகங்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வெளிநோயாளிப் பதிவு முதல் ஆய்வகம் வரை எல்லாம் கையால் எழுதும் நிலைக்குத் திரும்பின. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. இதற்கு நேர்மாறான நிகழ்வு கூடங்குளத்தில் நடந்தது. 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. தொற்றியது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த ஒரு கணினி. முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது. அணுமின் நிலையத்தில் தீநிரல் நுழைந்ததே கவலைக்குரியதுதான். ஆனால் அந்தப் பிரிவினை இல்லாதிருந்தால் கவலையின் அளவே வேறாக இருந்திருக்கும்.

சிறு நிறுவனத்திலும் இதைச் செய்யலாம். விருந்தினருக்கும் வாடிக்கையாளருக்கும் தனி வைஃபை, கேமராக்களுக்குத் தனி வலை, கணக்குக் கணினிக்குத் தனி வலை என்று பிரிக்கும் வசதி இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. தீயரணின் விதி, தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுப்பதாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாகத் தொலைமேசை இணைப்பை நேராக இணையத்தில் திறந்துவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பூட்டித் தொகை கேட்கும் கும்பல்கள் தேடித் திரியும் முதல் வாசல்களில் அது ஒன்று.

கடவுச்சொல் பற்றி நீண்ட காலம் தவறான அறிவுரையே சொல்லப்பட்டுவந்தது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்பது அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து பரவிய பழக்கம். அதை எழுதிய பில் பர், பின்னாளில் அதற்காக வருந்தினார். மனிதர்கள் அந்த விதியை எப்படி நிறைவேற்றுவார்கள் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது: பெயரின் முதலெழுத்து பெரியதாகும், கடைசியில் ஓர் எண் ஏறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண் ஒன்று கூடும். 2017இல் அதே நிறுவனம் தன் வழிகாட்டியை மாற்றியது. நீளம் முக்கியம், காரணமின்றி மாற்றச் சொல்லக் கூடாது, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருப்பதை மறுக்க வேண்டும்.

கசிந்த பட்டியல் என்பது கற்பனையன்று. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இன்றி வெளியாயின. அவற்றுள் மிக அதிகமானோர் பயன்படுத்தியது 123456. அதன் பிறகு இத்தகைய கசிவுகள் பல நூறு நடந்துவிட்டன. ஓரிடத்தில் கசிந்ததை மற்ற எல்லா இடங்களிலும் போட்டுப் பார்ப்பது தாக்குபவருக்குத் தானியங்கி வேலை. 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி பல நாள் நின்றதற்கு அத்தகைய ஒரு கடவுச்சொல்தான் வாசல். பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு தொலைஇணைப்புக் கணக்கு. இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. கடவுச்சொல்லோ வேறொரு கசிவுப் பட்டியலில் இருந்தது. நிறுவனம் 44 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் வாங்கியவர்கள் தந்த திறப்புக் கருவி மிக மெதுவாக ஓடியதால், தன் சொந்தக் காப்பு நகல்களையும் கொண்டே மீள வேண்டியிருந்தது.

இதிலிருந்து பெறும் நடைமுறை: ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல். அத்தனையையும் மனத்தில் வைக்க முடியாது. அதற்காகவே கடவுச்சொல் மேலாளர் மென்பொருள்கள் இருக்கின்றன. அந்த மேலாளருக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீண்ட தொடர் ஒன்றை அமைத்து மனப்பாடம் செய்தால் போதும். பிரபலமான பாடலின் பல்லவியோ எல்லாருக்கும் தெரிந்த குறளோ வேண்டாம்; பலர் அறிந்த தொடர்கள் ஊகிப்பதற்கும் எளியவை. விலகிய ஊழியரின் கணக்கை அன்றே மூட வேண்டும். மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம் எல்லாவற்றிலும் இரண்டாம் சரிபார்ப்பை இயக்க வேண்டும். குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி. ஒன்றுமில்லாததைவிட நல்லது, ஆனால் போலி ஆவணம் காட்டிச் சிம் அட்டையை மாற்றி வாங்குபவர் அதையும் பெற்றுவிடுவார். கைபேசியிலேயே எண்ணை உருவாக்கும் செயலி அதைவிட மேல். போலித் தளத்தில் தட்டச்சு செய்யவே வழியில்லாத பாஸ்கீ முறை எல்லாவற்றிலும் உறுதியானது.

பூட்டுகளை எல்லாம் தாண்டி, உள்ளே இருப்பவரையே திறக்க வைக்கும் வழி ஏமாற்று. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை எடுக்க முயன்ற கொள்ளை, அதற்கு ஓராண்டு முன்பு வேலை கேட்டு வந்த மின்னஞ்சலில் தொடங்கியது. அதில் தன்விவரக் குறிப்பு என்ற பெயரில் தீநிரல் இருந்தது. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட இரண்டு கோடி டாலர் திரும்பி வந்தது. ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லின் எழுத்துப்பிழையைக் கண்டு இடைநிலை வங்கி ஒன்று கேள்வி எழுப்பியதே காரணம். சந்தேகப்பட்டு நின்று கேட்ட ஒரு மனிதக் கண், அன்று அந்தப் பணத்தைக் காத்தது.

அன்றாட வாழ்வில் இந்த ஏமாற்று மின்கட்டணம் பாக்கி, பார்சல் தடுத்து வைப்பு, வங்கிக் கணக்கு முடக்கம், திருமண அழைப்பிதழ் என்று பல உருவில் வருகிறது. உருவம் மாறினாலும் இலக்கணம் ஒன்று: அவசரம், அச்சம் அல்லது ஆசை, உடனே செய்ய வேண்டிய ஒரு செயல். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ இல்லாமல் ஏ.பி.கே. கோப்பாக இருந்தால் அது செயலி. நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி.யைக் கடத்தும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பெறுவதற்காக அதைக் கேட்பவர் எடுக்கத்தான் கேட்கிறார். உதவி செய்வதாகக் கூறித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவரின் அழைப்பை அந்த இடத்திலேயே துண்டிக்க வேண்டும். வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் அட்டையின் பின்புறத்திலிருந்து எடுத்து, தாமே அழைத்துக் கேட்க வேண்டும். ஏமாந்தவரைப் பழிப்பதால் ஒரு பயனும் இல்லை. திட்டுக்கு அஞ்சும் ஊழியர் தவறாகச் சொடுக்கியதை மறைப்பார். மறைத்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் தொற்று பரவுகிறது.

ஒரு கணினியில் நுழைந்த தீநிரல் எவ்வளவு செய்யலாம் என்பதை அங்கே உள்நுழைந்திருப்பவரின் உரிமை தீர்மானிக்கிறது. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கும், மென்பொருள் நிறுவ மட்டும் நிர்வாகிக் கணக்கும் இருப்பது பெரும் வேறுபாட்டைத் தரும். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியே பரவிய நாட்பெட்யா, திருத்தம் நிறுவிய கணினிகளிலும் புகுந்தது. ஒரு கணினியின் நினைவகத்தில் கிடந்த நிர்வாகிக் கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டு அடுத்தவற்றைத் திறந்தது. புதுப்பிப்பே தொற்றின் வழியானதைக் காட்டிப் புதுப்பிப்பைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது பிழை, அத்தகைய நிகழ்வுகள் அரியவை, புதுப்பிக்காததால் நேர்ந்தவையோ அன்றாடம் நடப்பவை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும் வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் பெரும்பாலும் போதும். ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென் டிரைவை அதைக் கொண்டு சோதித்த பிறகே திறக்க வேண்டும்.

எல்லாக் காவலும் தவறும் நாளுக்காக இருப்பது காப்பு நகல். நாட்பெட்யா தாக்கிய கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மீண்டும் நிறுவியது. அதன் வலையமைப்பில் யாருக்கு எந்த உரிமை என்ற பதிவை வைத்திருக்கும் சேவையகங்கள் உலகெங்கும் ஒன்றையொன்று பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைந்திருந்தன. ஒன்றின் நகல் மற்றொன்று என்பதே அங்கே திட்டம். எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் பிழைத்தது. அதைக் கொண்டே நிறுவனம் மீண்டது. எப்போதும் இணைந்திருக்கும் நகல், தாக்குதல் நாளில் நகலாக இருப்பதில்லை. மேசையில் நிரந்தரமாகச் செருகியிருக்கும் வெளி வட்டையும், பூட்டப்பட்ட கோப்பை அப்படியே ஏற்றிக்கொள்ளும் மேகச் சேமிப்பையும் மட்டும் நம்புவது இதே பிழை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள விதி. அவற்றுள் ஒன்றேனும் இணைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நகல் எடுத்தால் போதாது. ஆண்டில் சில முறையாவது அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்க்க வேண்டும். எய்ம்ஸில் மின்-மருத்துவமனைத் தரவு முழுவதும் திரும்பக் கிடைத்தது, தாக்குதல் தொடாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்துதான்.

தாக்குதல் நடந்ததாகத் தெரிந்தால், முதலில் வலையிணைப்பைத் துண்டிக்க வேண்டும்: கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைக்க வேண்டும். உடனே எல்லாவற்றையும் அழித்து நிறுவிவிடக் கூடாது. எப்படி நுழைந்தது என்ற தடயம் அதோடு போய்விடும், அதே வழி திறந்தே கிடக்கும். மற்றொரு தூய்மையான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். மின்னஞ்சலிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் மற்ற கணக்குகளை மீட்கும் வழி அதில்தான் இருக்கிறது. பணயத்தொகை கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்ற உறுதி எதுவும் இல்லை. இந்தியாவில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு. நிறுவனங்கள் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் மாத ஆணை. இலங்கையில் 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை செர்ட் இதே பணியைச் செய்கிறது.